மார்கழி இருட்டில் ஓடுபவர்களே... விழுப்புரம், திண்டிவனம் சாலைகளில் குளிரைவிடப் பெரிய ஆபத்து எது?

மார்கழி பிறந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விடியற்காலைச் சாலைகளில் இரண்டு வகை ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஒரு வகை, காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு என்று உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். இன்னொரு வகை, சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்கள். ‘புது வருஷத்துலயாவது வெயிட்டைக் குறைச்சிடணும்’ என்று ஷூ வாங்கியவர்கள். இந்த நேரத்தில் ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் இருவரிடமும் ஒரே பதில்தான்: ‘வெயில் இல்ல, ரோடும் காலியா இருக்கும்ல.’

வெயில் இல்லை என்பது சரி. ரோடு காலியாக இருக்கும் என்பதில்தான் சிக்கல். இந்த இரண்டு ஊர்களும் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மேல், ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கின்றன. தென் மாவட்டங்களுக்குப் போகும் ஆம்னி பஸ், லாரி, கார் எல்லாம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். விடியற்காலை 5 மணிக்குச் சாலையில் வண்டி குறைவாக இருக்கலாம். ஆனால், வருகிற வண்டி வேகமாக வரும். அதை ஓட்டுபவர் இரவு முழுக்கத் தூங்காமல் வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

குளிர் இங்கே பிரச்சினையா?

குளிர்கால ஓட்டம் பற்றி இணையத்தில் தேடினால் பனியில் வழுக்குவது, விரல் மரத்துப்போவது, மூன்று அடுக்கு உடை என்று அறிவுரைகள் வரும். அவை கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதப்பட்டவை. விழுப்புரம் மாவட்டத்தில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நீண்ட தூர ஓட்டத்துக்கு 10 முதல் 15 டிகிரி வரை ஏற்றது என்பார்கள். அப்படிப் பார்த்தால், நம் ஊரில் ஓடுவதற்கு வருடத்திலேயே நல்ல பருவம் இதுதான்.

அதனால் ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப் எதுவும் ஓட்டத்துக்குத் தேவையில்லை. மங்கி கேப்பும் மஃப்ளரும் காதை மூடிவிடுவதால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும். இருட்டில் ஓடுபவருக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை. ஹெட்போனுக்கும் இதே கதைதான். பாட்டு இல்லாமல் ஓட முடியாது என்றால், சாலைப் பக்கம் இருக்கும் காதையாவது திறந்து வைக்க வேண்டும்.

உண்மையான பிரச்சினை: வெளிச்சம்

மே மாதக் கடைசியில் விழுப்புரத்தில் காலை 5.45 மணி வாக்கில் சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் 6.30 மணியைத் தாண்டிவிடும். முக்கால் மணி நேர வித்தியாசம். கோடையில் 5.30 மணிக்கு ஓடிப் பழகியவர் அப்போது ஓரளவு வெளிச்சத்தில் ஓடினார். அதே 5.30 மணிக்கு ஜனவரியிலும் இறங்கினால் அவர் ஓடுவது முழு இருட்டில்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. டிசம்பர் 21, 22 வாக்கில்தான் பகல் மிகக் குறைவு. ஆனால், நம் பகுதியில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்று அல்ல. ஜனவரி இரண்டாம் பாதியில். பூமியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்யும் வேலை இது. ‘பொங்கல் வந்தாச்சு, இனிமே சீக்கிரம் விடிஞ்சிடும்’ என்று நினைத்தால் தப்புக்கணக்கு. பிப்ரவரி பிறக்கும் வரை காலை இருட்டு அப்படியேதான் இருக்கும்.

உதயத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே ஆள் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அதாவது, ஜனவரியில் 6.10 மணிக்குப் பிறகு கிளம்பினால் ஆபத்தில் பெரும் பகுதி குறைந்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது இதுதான்: அலாரத்தை அரை மணி நேரம் தள்ளி வைப்பது.

ஓட்டுநருக்குக் கிடைப்பது எத்தனை விநாடி?

80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். கண்ணில் பட்டதை மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்கைத் தொட, விழிப்பாக இருக்கும் ஓட்டுநருக்கே சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 33 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்து நிற்பதற்கு இன்னும் அதே அளவு தூரமாவது வேண்டும். சாலை ஈரமாக இருந்தால் அதற்கும் மேலே.

கருப்பு டி-ஷர்ட், நேவி புளூ டிராக் பேன்ட்டில் ஓடுபவர் லோ பீம் வெளிச்சத்தில் 30 மீட்டர் தூரத்தில்தான் தெரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 30 மீட்டர் முடிந்துவிடும். அதே ஆள் 150 மீட்டரில் தெரிந்தால் ஓட்டுநருக்கு ஆறு விநாடிக்கு மேல் கிடைக்கும். வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, தாண்டிப் போக அது தாராளம்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்கப் பெரிய செலவு ஆகாது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் லாரி, பைக்குக்கு ஒட்டித் தரும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ போதும். பெயர்தான் ரேடியம், அதில் ரேடியம் எதுவும் கிடையாது. விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை அது. அதை எங்கே ஒட்டுகிறோம் என்பது முக்கியம். முதுகில் ஒட்டினால் மைல்கல்லா, மனிதனா என்று தெரியாது. கணுக்கால், முழங்கால் பக்கம் ஒட்டினால் மேலும் கீழும் ஆடும். அந்த அசைவைப் பார்த்ததும் ‘ஆள் ஓடுறான்’ என்று ஓட்டுநரின் மூளை உடனே பிடித்துக்கொள்ளும்.

பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு நிற உடைகளைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. அவை பகலிலும் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாக எடுபடும். ஏனென்றால், சூரிய ஒளியில் இருக்கும் புறஊதாக் கதிர்தான் அவற்றை அப்படி ஒளிர வைக்கிறது. முழு இருட்டில் அந்தச் சக்தி போய்விடும். இருட்டுக்கு வேண்டியது பிரதிபலிப்புப் பட்டை. விடியலுக்கு வேண்டியது பளிச் நிறம். இரண்டும் சேர்ந்த ஜாக்கெட்டைத்தான் சாலைப் பணியாளர்கள் அணிகிறார்கள்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கம் போகும். அதனால் நடப்பவரும் ஓடுபவரும் வலது பக்கம், அதாவது எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போவது பாதுகாப்பு. இடது பக்கம் ஓடினால் ஆபத்து முதுகுக்குப் பின்னால் வருகிறது. எதிர்ப்பக்கம் ஓடினால், வண்டி நேராக வராமல் அலைபாய்வதைப் பார்த்தவுடன் மண்ணில் இறங்கிவிடலாம்.

இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு.

ஒன்று, வலது பக்கம் கூர்மையாகத் திரும்பும் வளைவு. அங்கே எதிரே வருபவருக்கு நம்மைத் தெரியாது. வளைவுக்கு முன்பே, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபக்கம் மாறிவிட வேண்டும்.

இரண்டு, சர்வீஸ் ரோடு. இங்கே பைக், ஷேர் ஆட்டோ எல்லாம் இரண்டு திசையிலும் வரும். லைட் போடாமலும் வரும். ‘எதிரே பார்த்துட்டுத்தானே ஓடுறோம்’ என்ற நிம்மதி அங்கே செல்லாது.

மூன்று, நான்கு வழிச்சாலை. அங்கே எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. நடுவில் தடுப்பு இருப்பதால் ஓட்டுநர்கள் மனிதர் வருவார் என்றே எதிர்பார்ப்பதில்லை. கூட்டுச்சாலைகளிலும் பைபாஸ் திருப்பங்களிலும் கடப்பது அதைவிட மோசம்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். சாலையில் ஓடுபவருக்கென்று இந்தக் கணக்கில் தனி வரிசை கிடையாது. விபத்தில் சிக்கினால் அவரும் பாதசாரிதான்.

2023 மார்ச் 19 அன்று மும்பை வொர்லி கடற்கரைச் சாலையில் காலை ஓட்டத்தில் இருந்த தனியார் நிறுவனப் பெண் தலைமை அதிகாரி ஒருவர், வேகமாக வந்த கார் மோதி உயிரிழந்தார். அவர் புதிதாக ஓட வந்தவர் அல்ல, அனுபவம் உள்ளவர். 100 வயதில் டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்து உலகப் புகழ் பெற்ற ஃபௌஜா சிங்கின் முடிவும் சாலையில்தான். 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே தன் சொந்த கிராமத்தை ஒட்டிய நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தார். அது பனிக்காலமும் இல்லை, இருட்டும் இல்லை. ஊர்ச் சாலை பழகிய சாலை என்பது பாதுகாப்பு ஆகாது.

மார்கழி, தை மாதச் சாலைக்கு என்றே சில ஆபத்துகள்

*கரும்பு டிராக்டர்:* இது அரவைப் பருவம். முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் விடியற்காலையிலும் போகும். டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் பின்விளக்கு இருக்காது. டிராக்டரின் முன்விளக்கைப் பார்த்து அகலத்தைக் கணித்தால் ஏமாற்றம்தான். எதிரே டிராக்டர் வந்தால் நின்று, சாலையை விட்டு இறங்கி வழிவிடுவதே சரி.

*பக்தர்கள் வாகனம்:* மேல்மருவத்தூருக்கு இருமுடி செலுத்தப் போகும் பஸ், வேன்கள், சபரிமலை வண்டிகள், திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போய்த் திரும்பும் கார்கள் எல்லாம் இந்த மாதங்களில்தான் அதிகம். விடியற்காலை 3 மணி முதல் 6 மணி வரை மனித உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். ஓட்டுநரின் கண் சொக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

*பொங்கல் கூட்டம்:* பொங்கலுக்கு முந்தைய மூன்று, நான்கு இரவுகள் சென்னையே இந்தச் சாலையில் இறங்கும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நேரம் போய்விட்டது என்று அடுத்த 20 கி.மீ.யில் அதைப் பிடிக்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அந்த நாட்களில் நெடுஞ்சாலைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

*நெல் காயும் சாலை:* தை மாதத்தில் அறுவடை தொடங்கினால் கிராமச் சாலையில் பாதி நெல்லுக்குப் போய்விடும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. கணுக்கால் பிசகுவதற்கு ஒரு கல் போதும்.

*சாணம் தெளித்த வாசல்:* தெருவுக்குள் ஓடினால் வண்டி பயம் குறைவு. ஆனால், மார்கழியில் ஒவ்வொரு வாசலும் ஈரம். கோலம் போடுபவர்கள் குனிந்திருப்பார்கள். தேய்ந்த ஷூவுடன் ஓடினால் வழுக்கும். அங்கே வேகம் வேண்டாம்.

பனிமூட்டமும் போகிப் புகையும்

வானம் தெளிவாக, காற்று அசையாமல், தரை ஈரமாக இருக்கும் இரவுகளில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதில் இருக்கும் நீராவி சிறு துளிகளாக மாறும். அதுதான் மூடுபனி. மழை ஓய்ந்த ஜனவரியில், ஏரியும் வயலும் நிறைந்திருக்கும் இந்தப் பகுதியில் அதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்பனி என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. பனியில் ரேடியம் பட்டையும் ஓரளவுக்குத்தான் உதவும். அடுத்த மின்கம்பம் தெரியவில்லை என்றால் அன்று சாலை ஓட்டம் வேண்டாம்.

இந்தக் காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. கீழே குளிர்ந்த காற்றும் மேலே அதைவிடச் சூடான காற்றும் இருப்பதால், புகையும் தூசியும் மேலே எழும்ப வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே தங்கிவிடும். வெயில் ஏறினால்தான் கலையும். போகி அன்று பழைய பாயும் துணியும், சில இடங்களில் தடையை மீறி டயரும் எரியும்போது இது உச்சத்துக்குப் போகும். 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானப் போக்குவரத்தையே பாதித்தது. ஓடும்போது சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். போகிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் யாரும் பின்தங்கிவிட மாட்டார்கள். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் பனிக்காலம் முழுக்கவே வெயில் வந்த பிறகு ஓடுவது நல்லது. இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும்.

மழை நின்ற மறுநாள்

நம் குளிர்காலம் வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை இந்த மாவட்டம் மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது.

மழை விட்டதும் ‘ரெண்டு நாள் ஓட்டம் போச்சே’ என்று அவசரமாக இறங்குபவர்கள் உண்டு. வெள்ளம் வடிந்த சாலையில் தார் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். ஓரத்து மண் அடியோடு போயிருக்கும். தேங்கிய தண்ணீருக்குக் கீழே பள்ளமா, திறந்த வடிகாலா என்று தெரியாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். அறுந்து கிடக்கும் மின்கம்பி எல்லாவற்றையும்விட ஆபத்து. கம்பி கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். புயல், கனமழைக்குப் பிறகு முதல் ஓட்டம் பகல் வெளிச்சத்தில், பழகிய பாதையில், மெதுவாகத்தான்.

நாயும் பாம்பும்

தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் இணை சேர்ந்து பனிக்காலத்தில் குட்டி போடும். அதனால் டிசம்பர், ஜனவரியில் குட்டியோடு இருக்கும் தாய் நாய்கள் அதிகம். வழக்கமாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் நாய் இப்போது துரத்தும். துரத்தினால் வேகம் எடுக்கக் கூடாது. ஓடும் எதையும் விரட்டுவது அதன் இயல்பு. நின்று, கண்ணுக்குள் பார்க்காமல், உடம்பை அதன் பக்கம் திருப்பியபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. 43 பேர் ரேபிஸ் நோயால் இறந்தார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்தாலோ, பல் பட்டுச் சிராய்த்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியை முதல் டோஸோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. மருத்துவர் சொன்ன தேதிகளில் முழுத் தவணையும் போட்டாக வேண்டும். ஆழமான கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை.

பாம்புக்கு, இருட்டில் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் அதற்குத்தான். புல் மேல் ஓடாமல் தார் ஓரமாக ஓடுவது நல்லது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. ‘ஏதோ பூச்சி’ என்று விட்டுவிடக் கூடாது. கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் முதலுதவி. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது.

உடம்பைத் தயார்செய்வது எப்படி?

20 டிகிரியிலும் தசை காலையில் விறைப்பாகத்தான் இருக்கும். ஐந்து நிமிட நடை, ஐந்து நிமிட மெதுவோட்டம், பிறகுதான் வேகம். ‘குளிருதே, தாகமே இல்ல’ என்று தண்ணீரை மறந்துவிடக் கூடாது. விடியற்காலையில் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வேர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். இழக்கும் தண்ணீர் இழப்புதான்.

தேர்வு நெருங்குகிறதே என்று ஒரே வாரத்தில் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து ஏற்றுவது ஆபத்து. 2024-ல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கான 10 கி.மீ. ஓட்டத்தின்போது 10-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் - இவற்றில் எது வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

சாலைதான் வேண்டுமா?

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் அது மூன்றே முக்கால் சுற்று. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ஒரே சுற்று. மத்தியப் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வில்தான் ஆண்களுக்கு 5 கி.மீ., 24 நிமிடம். அதுவும் பன்னிரண்டரைச் சுற்று. இவற்றில் எதற்கும் நெடுஞ்சாலை தேவையில்லை. சொல்லப்போனால், மைதானத்தில் ஓடினால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் பார்க்க முடியும்.

விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகத்தில் விளையாட்டு மைதானம் இருக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதைகள் அடையாளம் காணப்பட்டன. ஆனால், இளைஞர்களுக்கு வேண்டியது மைதானம் மட்டுமல்ல. காலை 5 மணிக்குத் திறந்த கேட்டும் எரியும் விளக்கும். வேலைக்கோ வகுப்புக்கோ போகிறவர் வெளிச்சம் வரும் வரை காத்திருக்க முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று மாதம், விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மைதான விளக்கை எரியவிட்டால் நெடுஞ்சாலை ஓரம் ஓடும் பலர் தாமாகவே உள்ளே வந்துவிடுவார்கள். நகராட்சியிடமும் கல்லூரி நிர்வாகத்திடமும் ஓட்டக்காரர்கள் குழுவாகப் போய்க் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

குழு என்பது பெண்களுக்கு இன்னும் முக்கியம். மூன்று பேர் சேர்ந்து ஓடினால் வண்டிக்கும் தெரியும். நகை பறிப்பவனும் யோசிப்பான். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட்டு, லைவ் லொக்கேஷனை அனுப்பிவிட்டுக் கிளம்புவது நல்லது. தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

விபத்து நடந்துவிட்டால்?

2021 டிசம்பர் 18 அன்று இதே நெடுஞ்சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம். எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியும் இல்லை. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டியே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, உதவி செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும், இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000 இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

அடிபட்டவர் யார் என்று தெரியாததால் வீட்டுக்குத் தகவல் போகத் தாமதமாவதும் நடக்கிறது. ‘ஓடத்தானே போறோம்’ என்று பர்ஸையும் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய ஒரு சீட்டு பாக்கெட்டில் இருந்தால் போதும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

• வெளிச்சம் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் மைதானமா, சாலையா?
• கணுக்காலில் ரேடியம் பட்டை, தலையில் டார்ச்.
• குறைந்தது ஒரு காது திறந்திருக்கட்டும்.
• வலது பக்கம், வண்டியைப் பார்த்தபடி. நான்கு வழிச்சாலை வேண்டவே வேண்டாம்.
• அடுத்த மின்கம்பம் தெரியாத பனி, போகிப் புகை, புயல் மறுநாள்: அன்று ஓய்வு.
• பாக்கெட்டில் பெயர்ச் சீட்டு. வீட்டில் திரும்பும் நேரம்.

ஒரு நாள் ஓடாமல் விட்டால் 1,500 மீட்டருக்கான நேரம் ஒரு விநாடிகூடக் கூடாது. எதிரே வரும் ஓட்டுநருக்குப் பிரேக் பிடிக்க இரண்டு விநாடி குறைந்தால், தேர்வுக்குப் போக ஆளே இருக்காது.